ரொக்கமா, ஜாகீரா? முகலாயப் பேரரசு தன் அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்த வழிகள்

ஆயிரம் சவார் தரமுள்ள ஒரு தளபதி வேலைக்குச் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷாஜகான் காலத்து விகிதப்படி, குதிரைப்படைக்காக மட்டும் அவருக்கு வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் சேரவேண்டும். அதைக் கஜானாவிலிருந்து எண்ணிக் கொடுப்பதா? அல்லது, "இன்ன பர்கானாவின் (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தின்) நிலவரி இனி உன்னுடையது, நீயே வசூல் செய்துகொள்" என்று ஜாகீர் உத்தரவு எழுதித் தருவதா? எழுதித் தந்தால் எத்தனை வருடத்துக்கு? அவரோடு முடியுமா, மகனுக்கும் போகுமா?

1574-75 வாக்கில் அக்பர் முன்னால் இருந்த கேள்வி இதுதான். குஜராத்தை அப்போதுதான் பிடித்திருந்தார்கள், வங்காளத்தில் போர் நடந்துகொண்டிருந்தது. படை பெருகியது, படைக்குப் பணம் வேண்டும், பணம் முழுவதும் உழவனின் வயலிலிருந்துதான் வரவேண்டும். வயலுக்கும் படைவீரனுக்கும் நடுவில் யாரை, எத்தனை காலத்துக்கு நிறுத்துவது என்பதை அரசு முடிவு செய்தாகவேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது, வசூல், பாக்கி, ஜப்தி என்கிறோம், வருவாய்த் துறைக் கணக்கு இன்றும் பசலி ஆண்டில்தான் ஓடுகிறது. 2025 ஜூலை 1-இல் தொடங்கியது 1435-ஆம் பசலி. அறுவடையை ஒட்டி வரி வாங்க அக்பர் காலத்தில் உருவான ஆண்டு அது. ஷாஜகான் காலத்தில் தக்காணத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் சேர்ந்தது. ஆகவே அன்றைக்கு எடுத்த முடிவுகளின் சொற்களை நாம் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சம்பளக் கணக்கு. ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு மன்சப், அதாவது தரம் உண்டு. அதில் இரண்டு எண்கள். ஜாத் என்பது அவருடைய சொந்தச் சம்பளத்தையும் அரசவையில் அவர் நிற்கும் இடத்தையும் சொல்லும். சவார் என்பது அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைப்படைக்கான எண். சம்பளத்தைத் தாம் என்னும் செப்புக் காசில் கணக்கிட்டார்கள். 40 தாம் ஒரு ரூபாய். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு சவாருக்கு வருடம் 8,000 தாம், அதாவது 200 ரூபாய். ஆயிரம் சவார் என்றால் 80 லட்சம் தாம். மேலே சொன்ன 2 லட்சம் ரூபாய் இதுதான்.

அடுத்தது ஜமா. ஒவ்வொரு பர்கானாவும் வருடத்துக்கு எவ்வளவு வரி தரும் என்று அரசு ஏட்டில் எழுதி வைத்திருக்கும் மதிப்பீடு அது. உண்மையில் கைக்கு வருவதற்கு ஹாசில் என்று பெயர். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

சரி, என்னென்ன வழிகள் இருந்தன?

கஜானாவிலிருந்து ரொக்கம்

கேட்டவுடன் இதுதான் நேர்மையான வழியாகத் தோன்றும். எல்லா நிலமும் கால்சா, அதாவது அரசரின் நேரடி வருவாய்க்கு உரியது. அரசு ஊழியர்கள் வசூல் செய்கிறார்கள், பணம் கஜானாவுக்கு வருகிறது, அங்கிருந்து மாதச் சம்பளம் போகிறது. எந்தத் தளபதிக்கும் எந்த ஊரிலும் வேர் பிடிக்காது.

டெல்லியில் இதை முன்பே ஒருவர் செய்து பார்த்திருந்தார். அலாவுதீன் கில்ஜி (1296–1316) தன் குதிரை வீரனுக்கு வருடம் 234 தங்கா என்னும் காசு ரொக்கமாகக் கொடுத்தார். அந்தச் சம்பளத்தில் ஒரு வீரன் குதிரையும் வைத்துக் குடும்பமும் நடத்த வேண்டும் என்றால் சந்தையில் தானியம் மலிவாக இருக்கவேண்டும். ஆகவே கோதுமை, துணி, குதிரை எல்லாவற்றுக்கும் விலை வைத்தார். விலை நிற்க வேண்டும் என்றால் தானியக் கிடங்கு வேண்டும், கிடங்கு நிறைய வேண்டும் என்றால் கங்கைக்கும் யமுனைக்கும் நடுவிலுள்ள தோஆப் பகுதியின் நிலவரி நேரே அரசுக்கு வரவேண்டும், வணிகர்களைக் கண்காணிக்க ஒற்றர்கள் வேண்டும். ரொக்கச் சம்பளம் என்ற ஒரே முடிவு இத்தனையையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவர் இருக்கும்வரை இந்த ஏற்பாடு நின்றது. அவருக்குப் பின் கலைந்துவிட்டது.

அக்பரும் இதைச் செய்து பார்த்தார். 1574-75-இல் வங்காளம், பீகார், குஜராத் தவிர மற்றப் பகுதிகளில் அதிகாரிகளிடமிருந்த ஜாகீர்களைத் திரும்ப எடுத்துக் கால்சாவில் சேர்த்தார்கள். ஒரு கோடி தங்கா வருமானம் தரும் அளவுக்கு நிலத்தை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். கோடிக்குப் பொறுப்பு என்பதால் அவருக்குக் கரோரி என்ற பெயர் நின்றுவிட்டது. நிலத்தை அளக்க அதுவரை பயன்பட்டது சணல் கயிறு. ஈரம் பட்டால் சுருங்கும், காய்ந்தால் நீளும். அதை எடுத்துவிட்டு, இரும்பு வளையங்களால் இணைத்த மூங்கில் கழிகளைக் கொண்டு வந்தார்கள். கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் கயிறு சுருங்கினால் உழவனின் நிலம் ஏட்டில் பெரிதாகும், வரியும் கூடும். அளவுகோல் மாறாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நிலம் வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

விளைவு இரண்டு விதமாக இருந்தது. ஒரு பக்கம் துயரம். அந்தக் காலத்தில் வாழ்ந்து எழுதிய பதாவுனி, கரோரிகளின் கொடுமையால் உழவர்கள் மனைவி மக்களை விற்றுவிட்டுச் சிதறினார்கள் என்கிறார். பிறகு அக்பரின் நிதி அமைச்சர் ராஜா தோடர்மால் கணக்குக் கேட்டபோது பல கரோரிகள் அடியிலும் சிறையிலும் செத்தார்கள் என்றும் எழுதுகிறார். பதாவுனிக்கு அக்பர்மேல் கசப்பு அதிகம், அதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோடி என்று இலக்கு வைத்து ஓர் ஆளை அனுப்பினால், அவர் உழவனின் முகத்தைப் பார்ப்பாரா, இலக்கைப் பார்ப்பாரா? சம்பளம் ரொக்கம் என்பதால் மட்டும் வசூல் மென்மையாகிவிடாது. ஊரில் நிற்பவர் ஜாகீர்தாரின் ஆளாக இல்லாமல் அரசின் ஆளாக இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபக்கம், இந்தச் சில ஆண்டுகளில் அரசுக்கு ஒரு பெரிய சொத்து கிடைத்தது: தகவல். எந்த ஊரில் எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன விளைச்சல், என்ன விலை என்று அரசின் கையிலேயே கணக்கு சேர்ந்தது. 1580-இல் பத்தாண்டுச் சராசரியை வைத்து, ஒவ்வொரு பயிருக்கும் பிகா என்னும் நில அளவு ஒன்றுக்கு இத்தனை தாம் என்று பண வரி விதிக்க முடிந்தது அதனால்தான். அதே ஆண்டில் பேரரசு 12 சுபாக்களாக, அதாவது மாகாணங்களாகப் பிரிந்தது. அதன்பின் நிலங்கள் மறுபடி ஜாகீர்களாக அதிகாரிகளுக்குப் போயின.

சிலர் இதைக் கரோரி முறையின் தோல்வி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்தைக் கைக்குள் எடுத்து, அளந்து, கணக்கைச் சரிசெய்து, திருப்பிக் கொடுத்தார்கள். ஏட்டில் உள்ள ஜமா உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. அக்பர் எடுத்த முடிவுகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

ரொக்கத்தில் இன்னொரு சிக்கல், ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பது. மழை பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். நட்டம் முழுவதும் கஜானாவுக்கு. குஜராத்தையும் தக்காணத்தையும் 1630–32-இல் பஞ்சம் வாட்டியபோது, கால்சா நிலங்களில் வரித் தள்ளுபடி கொடுத்த செலவை அரசே சுமந்தது. எல்லா நிலமும் கால்சாவாக இருந்திருந்தால் அன்றைக்குப் படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்திருக்கும்? அப்புறம், காபூல் எல்லையில் இருக்கும் படைக்கு ஆக்ராவிலிருந்து வெள்ளியை வண்டியில் ஏற்றிக் காவலோடு அனுப்புவதும் எளிதான காரியமில்லை.

இடம் மாற்றும் ஜாகீர்

முகலாயர்கள் கடைசியில் முதன்மையாகப் பிடித்துக்கொண்ட வழி இதுதான். இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஜாகீர்தார் என்றவுடன் தலைமுறை தலைமுறையாக ஊரை ஆண்ட பண்ணையாரை நினைக்கிறோம். பிற்காலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் வந்தது உண்மை. 17-ஆம் நூற்றாண்டு ஜாகீர்தாருக்கு நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது. அரசு வாங்கவேண்டிய வரியை அரசுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த ஊரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவருக்கு நூறு காதம் தள்ளி வேறோர் ஊரைக் கொடுப்பார்கள்.

சம்பளத் தொகைக்குச் சமமான ஜமா உள்ள ஊர்களைப் பொறுக்கிச் சேர்ப்பது திவானின், அதாவது வருவாய் அமைச்சரின் அலுவலக வேலை. 80 லட்சம் தாம் சம்பளம் என்றால், ஜமா கூட்டினால் 80 லட்சம் வரும்படி பர்கானாக்கள். அவற்றில் வசூலிக்க ஜாகீர்தார் தன் ஆமிலை, அதாவது வசூல் அதிகாரியை அனுப்புவார். கூடவே கணக்கர், பொருளாளர், காவலுக்குச் சிஹ்பந்தி. ஹோட்டலில், வீட்டில், அலுவலகத்தில் நாம் சொல்லும் 'சிப்பந்தி' இந்தச் சொல்தான். வரி வசூலுக்குத் துணையாகக் கூட்டிப்போன கூலிப்படை ஆள் நம்மிடம் வந்து பணியாளர் ஆகிவிட்டார்.

அரசுக்கு இதில் என்ன லாபம்? வசூல் செலவு ஜாகீர்தாருடையது. விளைச்சல் குறைந்தால் முதல் அடி அவருக்கு. பணத்தை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப வேண்டியதில்லை. ஊரில் அவர் கை ஓங்கிவிடாதபடி சுற்றிலும் ஆட்கள் உண்டு. அமைதி காக்கப் பௌஜ்தார் தனி, நடப்பதை அரண்மனைக்கு எழுத வாக்கியா-நவீஸ் தனி, பரம்பரையாகக் கணக்கு வைத்திருக்கும் கானூங்கோவும் ஊர்ச் சௌத்ரியும் உள்ளூர்க்காரர்கள். ஜாகீர்தார்கள் வருவார்கள், போவார்கள். கானூங்கோவின் ஏடு அங்கேயே இருக்கும். இந்தக் கட்டமைப்பை வடிவமைத்தவர்களின் புத்திக்கூர்மையைப் படிக்கப் படிக்க வியக்கிறேன்.

எத்தனை பெரிய தொகை இப்படிப் பங்கிடப்பட்டது என்று பார்த்தால் தலை சுற்றும். 1647 வாக்கில் பேரரசின் மொத்த ஜமா 880 கோடி தாம், அதாவது 22 கோடி ரூபாய். கால்சாவில் இருந்தது சுமார் 120 கோடி தாம், ஏழில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி ஜாகீர்கள். மன்சப்தார்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் 500 ஜாத்தும் அதற்கு மேலும் உள்ள 445 பேருக்கு மட்டும் மொத்த ஜமாவில் 61.5 விழுக்காடு போனது. இளவரசர்களையும் உச்சத்தில் இருந்த பிரபுக்களையும் சேர்த்த 73 பேருக்கு 37.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் பார்த்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காஷ்மீரிலிருந்து தக்காணம் வரை உழுதவர்களின் வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் எண்ணிக்கைகூட இல்லாத ஆட்களின் கணக்கில்.

இதன் நோய் இரண்டு. ஒன்று, ஜமாவுக்கும் ஹாசிலுக்கும் உள்ள இடைவெளி. அரசு சம்பளம் கொடுக்கும்போது ஜமாவை வைத்துக் கொடுக்கிறது. ஜாகீர்தார் சாப்பிடுவது ஹாசிலை. ஜமாவை ஏட்டில் உயர்த்தினால் அரசுக்குக் காசு செலவாகாமல் சம்பளம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இடைவெளி பெரிதாகிப் போனதால் ஷாஜகான் காலத்தில் மாத விகிதம் என்று ஒன்று வந்தது. சொன்ன தொகையில் பாதிதான் வசூலாகும் ஜாகீருக்கு 'ஆறு மாத ஜாகீர்' என்று பெயர், கால்வாசி என்றால் 'மூன்று மாதம்'. அதற்கேற்ப அவர் வைக்கவேண்டிய படையும் குறையும். ஏற்கெனவே இன்னொரு சலுகையும் இருந்தது. ஜாகீர் இருக்கும் சுபாவிலேயே வேலை என்றால் சவார் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் காட்டினால் போதும்; வேறு சுபாவில் என்றால் நான்கில் ஒன்று; வடக்கே, இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் உள்ள பல்க், பதக்ஷான் போருக்குப் போனால் ஐந்தில் ஒன்று. ஆயிரம் சவார் என்று பட்டம், நிற்பதோ முந்நூற்றுச் சொச்சம் குதிரை. இந்தக் குறைப்புகளில் ஒரு நேர்மையும் இருந்தது. ஏடு பொய் சொல்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டு, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

தக்காணத்தில் இந்த இடைவெளி மிக அதிகம். இளவரசராக அங்கே ஆட்சி செய்த அவுரங்கசீப்பே, தனக்கும் தன் அதிகாரிகளுக்கும் ஒதுக்கிய நிலம் சொன்ன தொகையைத் தரவில்லை என்று தந்தைக்கு மறுபடி மறுபடி எழுதினார்.

இரண்டாவது நோய், உழவனைப் பிடித்தது. மூன்று வருடத்தில் போகப்போகிறவர் கிணறு வெட்டக் கடன் கொடுப்பாரா? ஏரியைத் தூர் வாருவாரா? ஷாஜகானின் கடைசிக் காலத்தில் வந்து சில ஆண்டுகள் இங்கே இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: எந்த நொடியிலும் பறிபோகலாம் என்கிற நிலத்தை எதற்காகச் செம்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜாகீர்தார் நினைக்கிறார், இருக்கும்வரை பிழிந்துவிடுகிறார். பெர்னியர் வெளிநாட்டவர், தன் நாட்டு அரசரிடம் ஒரு பாடம் சொல்லவேண்டும் என்ற நோக்கமும் அவருக்கு இருந்தது. அதனால் அவரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பீம்சேன் சொல்வதைக் கேட்கலாம். அவர் முகலாயப் படையோடேயே திரிந்தவர், தல்பத் ராவ் புந்தேலாவிடம் வேலை பார்த்தவர், செஞ்சி முற்றுகை வரை தெற்கே வந்தவர். அடுத்த வருடம் இந்த ஜாகீர் நிலைக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டதால் ஜாகீர்தார்களின் ஆட்கள் உழவர்களுக்குக் கைகொடுத்து உதவும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள் என்று அவரும் எழுதுகிறார். உள்ளே இருந்த ஒருவர் சொல்வதால் இதற்கு எடை கூடுகிறது.

மகனுக்கும் போகும் நிலம்

அப்படியென்றால் இடமாற்றத்தை நிறுத்திவிட்டுப் பரம்பரையாகக் கொடுத்துவிடலாமே? உழவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. மகனும் பேரனும் சாப்பிடப் போகிற நிலத்தை யாரும் ஒரே வருடத்தில் உறிஞ்சமாட்டார்கள்.

பிரோஸ் ஷா துக்ளக் (1351–88) இதைச் செய்தார். வீரர்களுக்கு ஊர்களின் வரியை ஒதுக்கினார், அவர்களுக்குப் பின் மகனுக்குப் போகவும் விட்டார். ஆட்சி அமைதியாக நடந்தது. ஆனால் அவருக்குப் பின் சுல்தானுக்கு அள்ளிக் கொடுக்கவோ பறிக்கவோ கையில் நிலமில்லை. நம் பக்கத்திலும் இதைப் பார்த்தோம். விஜயநகரம் படை வைத்துக்கொள்ள அமர நாயக்கர்களுக்கு நிலம் கொடுத்தது. மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் அவர்கள் தலைமுறை கண்டார்கள். 1565-இல் தலைக்கோட்டையில் பேரரசு அடிவாங்கிய பிறகு அவர்களைத் தன்னோடு பிடித்து வைக்க அதனிடம் ஒன்றுமில்லை. மதுரைக்கும் தஞ்சைக்கும் அது நல்லதாக முடிந்தது என்று சொல்பவர்கள் இருக்கலாம். பேரரசரின் இடத்திலிருந்து பார்த்தால் அது நாட்டைத் துண்டு போட்டுக் கொடுத்ததுதான்.

அக்பர் இதையும் முழுக்க ஒதுக்கிவிடவில்லை. ஆம்பர், மார்வார் போன்ற ராஜபுத்திர அரசர்களுக்கு அவர்கள் முன்னோர் நிலத்தை வதன் ஜாகீராக விட்டுவைத்தார். அதை மாற்றமாட்டார்கள். அவர்களுடைய மன்சப் சம்பளம் அதைவிட அதிகமானால் மீதிக்கு வேறு இடத்தில் சாதாரண ஜாகீர். அந்தந்த இடத்துக்குப் பொருந்துவதை அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது 1678-இல் தெரிந்தது. மார்வாரின் ஜஸ்வந்த் சிங் இறந்ததும் வாரிசுச் சிக்கலில் அரசு அந்த நிலத்தைக் கையில் எடுத்தது. அடுத்து வந்தது கிட்டத்தட்ட முப்பது வருடப் பகை.

அதிகாரிகள் அல்லாத அறிஞர்களுக்கும் துறவிகளுக்கும் கொடுத்த மதத்-இ-மாஷ் நிலம் இன்னொரு வகை. இதைப் பற்றி ஒரு சின்னக் கதை. பதாவுனிக்கும், பின்னாளில் அக்பரின் வரலாற்றை எழுதிய அபுல் பசலுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் 20 மன்சப் முன்வைக்கப்பட்டது: குதிரைக்குச் சூடுபோட்டுக் காட்டு, படிப்படியாக மேலே வா என்று. அபுல் பசல் ஏற்றுக்கொண்டு பல ஆயிரம் மன்சப் வரை போனார். பதாவுனிக்கு அது ஒத்துவரவில்லை. 1,000 பிகா நிலம் பெற்றுக்கொண்டார். அந்தப் பேச்சு வரும் இடங்களில் அவருடைய எழுத்தில் இருக்கும் வருத்தத்தைக் கவனித்தால், நிலம் ஒருவனைக் காப்பாற்றும், ஆனால் இருக்கும் இடத்திலேயே கட்டிப்போடும் என்பது தெரிகிறது.

குத்தகை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஜாரா என்பது வரி வசூலை ஏலம் விடுவது. முன்பணம் கையில் வரும், அலைச்சல் இல்லை. குத்தகைக்காரர் ஊரை என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரிய முகலாய அரசர்கள் இதை விரும்பவில்லை; ஆனாலும் தூரத்து ஊரில் சின்ன ஜாகீர் வைத்திருந்தவர், ஆமிலும் சிஹ்பந்தியும் வைக்க வசதியில்லாமல் உள்ளூர்ப் பணக்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிடுவார். பேரரசர் பாருக்சியர் காலத்தில் (1713–19) கால்சா நிலங்களையே ரத்தன் சந்த் என்ற அதிகாரி குத்தகைக்கு விட்டார் என்பது அன்றைய பெரிய குற்றச்சாட்டு. உஸ்மானியப் பேரரசும் இதே பாதையில் போனது. அங்கே சிப்பாய்க்கு ஊருக்குப் பக்கத்திலேயே சின்னத் திமார், அதாவது நிலவரி ஒதுக்கீடு, கொடுத்து வந்தார்கள், பிறகு ரொக்கத் தேவை பெருகக் குத்தகை வந்தது, 1695-இல் ஆயுள் குத்தகையே சட்டமானது. பணமுடை வந்த அரசுகள் எல்லாம் கடைசியில் இங்கே வந்து நிற்கின்றன.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

1575-இல் ஆலோசனை கேட்டால் அக்பர் செய்ததையே சொல்வேன்: சில ஆண்டுகள் எல்லாவற்றையும் கையில் எடுங்கள், அளங்கள், பிறகு மாற்றத்தக்க ஜாகீராகக் கொடுங்கள். கூட இரண்டு நிபந்தனை வைப்பேன். முதலாவது, சிறிய மன்சப்தார்களுக்கு ரொக்கம். நக்தி என்று ரொக்கச் சம்பளம் வாங்கியவர்கள் அந்த அமைப்பிலேயே இருந்தார்கள், ஆகவே இது புதிய யோசனை கிடையாது. சின்ன வருமானக்காரர் தூரத்து ஊரில் வசூலுக்கு ஆள் வைக்க முடியாமல் குத்தகைக்காரரிடம் போய் விழுவதை அது தடுத்திருக்கும். இரண்டாவது, அந்த அளவையையும் பத்தாண்டுக் கணக்கையும் தலைமுறைக்கு ஒரு தடவையாவது மறுபடி செய்யவேண்டும். ஜமா உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை ஜாகீர் நல்ல சம்பளம். விலகிப் போய்விட்டால் அந்தக் குறையை ஜாகீர்தார் உழவனிடமிருந்துதான் நிரப்பிக்கொள்வார்.

இடமாற்றத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். நிறுத்தினால் தஞ்சையும் மதுரையும் போல ஆயிரம் ஊர்கள் பிறக்கும். ஆனால் மூன்று வருடம் மிகக் குறைவு. பத்து வருடம் என்று வைத்திருந்தால் ஒரு கிணறு வெட்டிப் பலன் பார்க்கும் அளவுக்காவது காலம் கிடைத்திருக்கும்.

இதே கேள்வியை 1690-இல் கேட்டால் பதில் கடினம். 1686-இல் பீஜப்பூர், 1687-இல் கோல்கொண்டா வீழ்ந்தன. வென்ற நாட்டின் தளபதிகளைச் சும்மா விட முடியாது, மன்சப் கொடுக்க வேண்டும். மராட்டியத் தலைவர்களை இழுக்கவும் மன்சப். அவுரங்கசீப் ஆட்சியின் முதல் இருபது ஆண்டுகளில் ஆயிரமும் அதற்கு மேலும் ஜாத் உள்ளவர்கள் 486 பேர். அடுத்த காலத்தில் (1679–1707) 575 பேர். அதில் மராட்டியர் மட்டும் 96 பேர். வென்ற நிலம் ஏராளம்தான். ஆனால் அதில் நல்ல பகுதியைப் போர்ச்செலவுக்காகக் கால்சாவில் வைத்துக்கொண்டார்கள், மீதியில் பல இடங்களில் மராட்டியர் சௌத், அதாவது வரியில் நான்கில் ஒரு பங்கு, வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கீட்டுக்குத் தயாராக இருக்கும் நிலத்துக்குப் பாய்பாக்கி என்று பெயர், நம் 'பாக்கி'தான். அந்தப் பாய்பாக்கி தீர்ந்து, ஜாகீர் உத்தரவுக்காக வருடக்கணக்கில் முகாமில் காத்துக்கிடந்தவர்கள் பெருகினார்கள். ஒரு மாதுளை, நூறு நோயாளி என்று பாரசீகத்தில் சொல்வார்கள்.

அந்த நிலையில் எந்தச் சம்பள முறையும் தனியாகக் காப்பாற்றியிருக்காது. போரை நிறுத்தியிருக்க வேண்டும். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டைக்கு வெளியே 1690-இலிருந்து 1698 வரை எட்டு வருடம் கிடந்தார். அந்த எட்டு வருடமும் படைக்கும் குதிரைக்கும் தீனி எங்கிருந்தோ வந்தாகவேண்டும். அது எந்த ஊர் வயலிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒருவர் மட்டும் வேறு வழி கண்டார். 1700-இல் வங்காளத்துக்குத் திவானாகப் போன முர்ஷித் குலி கான், அங்கே நல்ல நிலத்திலிருந்த ஜாகீர்தார்களை ஒரிசாவுக்கு நகர்த்திவிட்டு, வங்காளத்தின் நிலத்தைக் கால்சாவாக்கினார். வருடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் டெல்லிக்குப் போனது. அக்பரின் பழைய யோசனைதான், ஒரே ஒரு சுபாவில். அவர் அதை வசூலித்தது குத்தகையாளர்களையும் ஜமீன்தார்களையும் கடுமையாக நெருக்கி. அதனால் அதை உழவனுக்கு நல்ல வழி என்று என்னால் சொல்ல முடியாது. பேரரசருக்கு நல்ல வழி.

மாற்றத்தக்க ஜாகீரிலிருந்து மாற்றம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, தனக்குப் படை கொடுத்துப் போர் செய்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1763-இல் செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதி செய்தார். படைக்கு நிலவரியால் சம்பளம் என்ற அதே பழைய கணக்கு. கம்பெனி முதலில் அந்த நிலத்தை நவாபிடமே குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கியது, 1780 வாக்கில் தானே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் அந்தப் பகுதியை 'ஜாகீர்' என்றே அழைத்தார்கள். மூன்று வருடம் கழித்து வேறு ஊருக்குப் போ என்று அந்த ஜாகீர்தாரிடம் சொல்ல அப்போது யாரும் இல்லை.